இரண்டு டிக்கெட் வாங்கிய ஒற்றை ஆள்

அத்தியாயம் 4

திருடன் கும்பிட்டுவிட்டுத்தான் திருடியிருந்தான்.

சியோக் இம்முக்கு அதில் சந்தேகமே இல்லை. தைப்பிங் ஊரின் வடக்குத் தெரு மாச்சோ அம்மன் கோயிலின் பின்கூடத்தில், செத்தவர்களின் ஆவிப்பலகைகள் நிற்கிற கண்ணாடி அலமாரிக்கு முன்னால் அவள் நின்றாள். ஒவ்வொரு பலகையும் ஒரு முழ உயரம், கறுப்பு மரத்தில் தங்க எழுத்து. முன்வரிசையின் நட்டநடுவில் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. அந்த இடத்தில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும், எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளும் இருந்தன.

"என்னக்கா திருடன் இவன்?" என்றான் ஹாக். "எங்க வீட்டுல புகுந்தவன் அரிசிப் பானையைக்கூட விடல. இவன் பழம் வெச்சுட்டுப் போயிருக்கான். ஆளு கெடைச்சா அட்ரஸ் வாங்கிக் குடுங்க. வாராவாரம் எங்க வீட்டுக்கு வரச் சொல்றேன்."

ஹாக் முன்பு சீனக் கூத்துக் குழுவில் கோமாளி வேஷம் கட்டியவன். அரசன் சாகிற கட்டத்தில் அரசனையே சிரிக்க வைத்ததற்காக விரட்டப்பட்டவன். சியோக் இம் டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஊரில் யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று பாதி ஆயுள் காதில் வாங்கிய பிறகு, காப்பிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு தொழில் தோன்றவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை.

கல்யாணமாகாதவள் என்பதால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டாள் என்றும் சொல்லலாம்.

முந்தாநாள் குவா கிம் துவான் அந்த மாடிப்படி ஏறி வந்தார். ஐஸ் ஆலை முதலாளி, ஊர் வாயில் 'தவுக்கே'. கரையோரத்து மீன்படகு எதை எடுத்தாலும் உள்ளே கிடப்பது அவருடைய ஐஸ்தான். நாற்காலியில் உட்கார்ந்தவர் எடுத்த எடுப்பில் அழுதார்.

"எம் மவ பீ லெங். இருபத்தோரு வயசுல போய்ச் சேந்தா. கல்யாணமாகாத பொண்ணு, வீட்டுல வெக்க முடியாதுன்னு கோயில்ல வெச்சேன். அந்தப் பலகையைப் போயி எவனோ தூக்கிட்டான். எங்க, எந்த இருட்டுல கெடக்கறாளோ! எனக்குப் பலகை வேணும்மா. எடுத்த ஆளும் வேணும். போலீசுக்குப் போகாதீங்க. ஆளு மேல ஒரு கீறல் விழக் கூடாது. அப்படியே எங்கிட்ட கொண்டாந்து நிறுத்துங்க."

அந்த அழுகை சியோக் இம்மைத் தொட்டது. கல்யாணமாகாமல் செத்த மகளுக்கு அப்பன் வீட்டு முன்னோர் மேடையில் இடம் கிடையாது. மகன் குடித்தே செத்தாலும் அவன் பலகை தாத்தா பாட்டி பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மகள் தங்கமாக இருந்தாலும் கோயில் பின்கூடத்தில், ஊர்பேர் தெரியாதவர்களோடு ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். சியோக் இம்முக்கும் நாளைக்கு அதே கதிதான். அது அவளுக்குத் தெரியும், அவள் அண்ணனுக்குத் தெரியும், அண்ணி ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பலகாரம் பரிமாறும்போது அதை ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு மகளுக்காக ஓர் அப்பன் உட்கார்ந்து அழுகிறான் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது.

"சத்தம் எதுவும் கேக்கலையா?" என்று கோயில் காப்பாளரிடம் கேட்டாள். ஆ செக் என்ற அந்தக் கிழவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"கேட்டுச்சு. பிறைக்கட்டையைத் தரையில போடற சத்தம். மூணு தரம் விழுந்துச்சு. அம்மன்கிட்ட யாரோ குறி கேக்கறாங்கன்னு நெனச்சேன். சோத்துத் தட்டை வெச்சுட்டு எந்திரிக்க மனசு வரல."

"அம்மன்கிட்ட கேக்கல. செத்தவகிட்ட கேட்டிருக்கான். எங்கூட வர்றியான்னு. மூணு தரமும் வர்றேன்னு விழுந்திருக்கு. இல்லேன்னா தொட்டிருக்க மாட்டான்."

"காதலன்க்கா!" என்றான் ஹாக். "அடிச்சுச் சொல்றேன். உயிரோட இருக்கறப்ப கூட்டிட்டு ஓட தைரியம் வரல. இப்ப வந்திருக்கு. எனக்கு ஒண்ணு விட்ட மாமா ஒருத்தர் இருக்கார், அவரும் எல்லாத்துக்கும் லேட்டுதான்."

சியோக் இம் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பலகைகள் எல்லாம் ஊரின் பெரிய புள்ளிகள். கோயிலுக்குத் தூண் கொடுத்தவர், கூரை கொடுத்தவர். ஒவ்வொன்றின் கண்ணாடிக் கதவிலும் சின்னதாக ஒரு பூட்டு.

"பீ லெங் பலகை எப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

"இங்கயா?" கிழவர் சிரித்தார். "கீழ் அடுக்குல, தூணுக்குப் பின்னாடி கெடந்துச்சு. ஒட்டடை அடிக்க நான் போனாத்தான் உண்டு. அப்பன் ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல. வருஷப் பொறப்புக்கு அப்புறம் அவரு மவன் லாரியில அடிபட்டுப் போனாரு இல்ல? அதுக்குப் பிறகு கல்லறைத் திருநாளுக்கு மொத தடவையா வந்தாரு. பேருக்குத் தங்கம் பூசி, மேல விளக்கு போட்டு, முன்வரிசைக்கு மாத்தினாரு."

"பூட்டு?"

"அவருதான் வேண்டாம்னாரு. மவளை எதுக்குப் பூட்டி வெக்கணும்னு கேட்டாரு. யாராச்சும் வந்து இந்தப் பேரைத் தேடினா உடனே ஆள் அனுப்புன்னும் சொல்லியிருந்தாரு. நான் சோத்தைத் தேடிப் போயிட்டேன்."

சியோக் இம் அந்தப் பதிலை மனசுக்குள் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டாள். அது அங்கே உட்கார்ந்து உறுத்தியது. திரும்பினால் ஹாக்கைக் காணவில்லை. எதிர்ச்சாரியில் நிலக்கடலை அப்பம் சுடுகிறவளிடம் போய் நின்றுகொண்டிருந்தான். வாய் நிறைய அப்பத்தோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தான்.

"அக்கா, துப்பு! செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ஆளு கோயில்லேருந்து வெளிய வந்தானாம். கையில கறுப்புக் குடை."

"தைப்பிங்ல குடை ஒரு துப்பாடா? தினம் மழை கொட்டற ஊர்ல குடை இல்லாதவனைத்தான் சந்தேகப்படணும்."

"முழுசாக் கேளுங்க. பேய் மழை. குடையும் விரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா ஆளு தொப்பலா நனைஞ்சுக்கிட்டுப் போறான். குடையைத் தோள்ல தொங்கின பைக்குப் பிடிச்சிருந்தானாம். அப்பக்காரி கூப்பிட்டு, 'தம்பி, உன் தலை வெளிய இருக்கு'ன்னு சொல்லியிருக்கா. 'பரவால்ல, அவங்க நனையக் கூடாது'ன்னு சொல்லிட்டு பஸ் நிலையம் பக்கம் போயிட்டானாம்."

சியோக் இம் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆவியை வெளியே கொண்டுபோனால் வானம் படக் கூடாது, தலைக்கு மேல் குடை வேண்டும். வாசற்படி தாண்டினால் சொல்ல வேண்டும், பாலம் வந்தால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்தவன். தெரிந்தது மட்டுமில்லை, திருட்டுச் சாமானோடு தப்பிக்கிற அவசரத்திலும் ஒன்றைக்கூட விடாதவன்.

"ஹாக், பஸ் நிலையத்துல எத்தனையோ பஸ். இவன் எதுல ஏறினான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"நனைஞ்ச ஆளைப் பாத்தீங்களான்னு கேப்பேன்."

"ஊரே நனைஞ்சிருந்துச்சு. ரெண்டு டிக்கெட் வாங்கிட்டுத் தனியா வந்த ஆளைப் பாத்தீங்களான்னு கேளு. கூட வர்றவளுக்கு மரியாதையாக் குடை பிடிச்சவன், அவளை ஓசியில கூட்டிட்டுப் போக மாட்டான்."

ஹாக் நின்றே விட்டான். "நியாயமாப் பாத்தா அக்கா, நான் உங்களுக்குப் பஸ் கட்டணம் தர்றதே இல்ல. இந்த ஆளுக்கு முன்னாடி எனக்கே வெக்கமா இருக்கு."

போர்ட் வெல்ட் மீன்துறைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ரம்லி அந்தக் கேள்வியைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். அன்றைய எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"அந்தப் பயலா? அவனால எனக்கு ஒரு பொம்பளைகிட்ட அடி விழ இருந்துச்சு! பஸ்ல ஒரே கூட்டம். இவன் சன்னல் சீட்டுல பையை வெச்சிருக்கான். மீன்காரம்மா ஒருத்தி, நல்ல ஆகிருதி, வந்து நிக்கறா. பையை எடுப்பான்னேன். 'டிக்கெட் எடுத்திருக்கேண்ணே'ன்னு ரெண்டு டிக்கெட்டை நீட்டறான். சட்டம் அவன் பக்கம். நான் என்ன பண்ண? அந்தம்மா வழி பூரா என்னைத்தான் திட்டிக்கிட்டு வந்தா. இவன் எந்திரிச்சு அவன் சீட்டை அவளுக்குக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே வந்தான். பை மட்டும் உக்காந்து வந்துச்சு."

"ஏதாச்சும் பேசினானா?"

"பைகிட்ட பேசினான். பாலம் வந்தா, பாலம் வருது, பயப்படாதீங்கன்னு. பைத்தியக்காரன் இல்ல, குடிகாரன் இல்ல, நல்லாத்தான் இருந்தான். கடைசி நிறுத்தத்துல எறங்கி, பையை எறங்கச் சொல்லிட்டுப் போனான்."

போர்ட் வெல்ட் போகிற வழியில் ஹாக்கின் கைகளில் பழைய மோரிஸ் மைனர் கார் முக்கி முனகியது. கரி மூட்டத்துப் புகை வாசனை வந்தது, பிறகு சேற்று வாசனை. ஹாக் காதலனுக்கு வயது, மீசை, வேலை எல்லாம் கற்பனை செய்துகொண்டே வந்தான். நாற்பத்தைந்து வயது, முன்வழுக்கை, வேலை பள்ளிக்கூட வாத்தியார் என்று முடிவாயிற்று.

"பொண்டாட்டிக்குத் தெரியாம பலகையைக் கட்டிலுக்கடியில வெச்சிருப்பான்க்கா. அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் வீட்டுல ரெண்டு பலகை."

சியோக் இம் சிரிக்கவில்லை. கண்டக்டரும் அப்பக்காரியும் 'பய', 'தம்பி' என்றே சொன்னது அவளுக்கு ஒத்துப்போகவில்லை. பீ லெங் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய காதலனை இன்றைக்கு யாரும் தம்பி என்று கூப்பிட மாட்டார்கள்.

படகுத்துறையில் ஒரே ஒரு பெண் படகோட்டி. பெயர் கியாவ், தலையில் பெரிய ஓலைத்தொப்பி, வாயில் அணையாத சிகரெட். குடைக்காரனைத் தெரியுமா என்று கேட்டதும் தெரியும் என்றாள்.

"நம்ம சூ பெங். ஆத்து முகத்துக் குடியிருப்புல வலை பிரிக்கறவன். அன்னிக்கு ஒரு ஆளாத்தான் வந்தான், ரெண்டு பேருக்குக் கூலி நீட்டினான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னொருத்தருக்கு வேண்டாம்பான்னேன். கேக்கல. நான் படகை மெதுவாவே விட்டேன், புதுசா வர்றவங்களுக்குத் தூக்கிப் போடக் கூடாதுன்னு. வழி பூரா அவன் ஒண்ணையே சொல்லிக்கிட்டு வந்தான்."

"என்னன்னு?"

"'அம்மா, தண்ணி மேல போறோம். இன்னும் கொஞ்ச தூரந்தான், அம்மா.' கேட்டுக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

ஹாக் வாயைத் திறந்தான். கேலி வரவில்லை. அவனைத் தெரிந்த நாளாக சியோக் இம் பார்த்திராத காட்சி அது.

"கல்யாணமாகாத பொண்ணுன்னு சொன்னாரேக்கா" என்றான், ரொம்ப மெதுவாக.

"கல்யாணமாகலேன்னுதான் சொன்னார். பிள்ளை பொறக்கலேன்னு சொல்லல."

படகில் ஏறி உட்கார்ந்தாள். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் சேற்றில் கால் ஊன்றி நின்றன. உறுத்திக்கொண்டிருந்ததெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. தூணுக்குப் பின்னால் கிடந்த பலகை, ஒரே மகன் செத்த பிறகு முன்வரிசைக்கு வந்தது. பேருக்குத் தங்கம், மேலே விளக்கு, கதவுக்குப் பூட்டு இல்லை. தேடி வருகிறவன் கண்ணில் படவேண்டும், கைக்கு எட்டவேண்டும். ஆளு மேல ஒரு கீறல் விழக் கூடாது.

"கிழவர் பலகையைத் தேடல, ஹாக். பலகையை வெச்சு ஆளைத் தேடறார். பையன் செத்துட்டான். நாளைக்கு இவரு பலகைக்கு ஊதுபத்தி பிடிக்க வம்சத்துல ஆளில்ல. தூக்கிக் குடுத்த பேரப்பிள்ளை இப்ப ஞாபகம் வந்திருக்கு. எங்க இருக்கான்னு தெரியாது. தாயைத் தேடிக்கிட்டு ஒரு நாள் வருவான்னு மட்டும் தெரியும்."

"அப்ப நாம?"

"தூண்டில் முள்ளு. இழுத்துட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கார். அதுக்காக எம் முன்னாடி அழுதிருக்கார். நானும் நம்பிட்டேன்." அவளுக்குக் கிழவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

தண்ணீருக்கு மேல் கால்கள் நட்டுக் கட்டிய பலகை வீடுகள். சூ பெங்கின் வீடு கோடியில் இருந்தது. இருபத்து நாலு வயதிருக்கும், வெயிலில் கறுத்த உடம்பு, விரலெல்லாம் வலைக்கயிறு அறுத்த தழும்பு. இவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. இரண்டு முக்காலி எடுத்துப் போட்டான். வீட்டு மேடையில் அவனை வளர்த்தவளின் பலகை இருந்தது. அதற்குப் பக்கத்தில் பீ லெங்கின் பலகை. இரண்டுக்கும் முன்னால் ஆவி பறக்கிற கஞ்சிக் கிண்ணம் ஒவ்வொன்று.

"வருவீங்கன்னு தெரியும்" என்றான். "திருடினவன்தான் நான். ஆனா அவங்களைக் கேக்காம எடுக்கல."

"தெரியும். மூணு தரம் கட்டை போட்டே. யார் சொன்னாங்க உனக்கு?"

"வளத்தவங்க. சாகறப்ப சொன்னாங்க. அதுவரைக்கும் நான் அவங்க பிள்ளைன்னுதான் நெனச்சிருந்தேன். பேரு மட்டும் தெரிஞ்சுது, எந்தக் கோயில்னு தெரியல. கடலுக்குப் போகாத நாளெல்லாம் கெளம்பிடுவேன். கமுந்திங் கோயில், மாத்தாங் கோயில், ஈப்போ குகைக் கோயில்கூடப் போயிட்டேன். ஒவ்வொரு பின்கூடத்துலயும் குனிஞ்சு குனிஞ்சு பேரு பாத்துக்கிட்டு நின்னேன். நான் என்னமோ கீழ் அடுக்குல, தூசியிலதான் கெடப்பாங்கன்னு தேடினேன். அங்க போனா நடுவுல, விளக்குப் போட்டு வெச்சிருக்காங்க." அவன் குரல் ஒரு கணம் இளகியது. "அப்ப மட்டும் கொஞ்சம் தயங்கினேன். நல்லாத்தானே வெச்சிருக்காங்க, எடுக்கணுமான்னு. அதான் அவங்களையே கேட்டேன்."

அந்த விளக்கு எதற்காகப் போட்டது என்று சியோக் இம் அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கையிலிருந்த வலைக்கயிற்றை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான்.

"எங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"வயிறு தெரிய ஆரம்பிச்சதும் ஐஸ் ஆலைக்குப் பின்னால இருக்கற அறையில போட்டுப் பூட்டிட்டாரு. ஐஸ் வாங்க வந்தவங்க என்னை வளத்த அம்மா. பின்வாசல் வழியா என்னைத் துணியில சுத்திக் குடுத்தாங்களாம், அவரு எட்டிக்கூடப் பாக்கலையாம். எங்கம்மாவுக்கு அப்பவே ஜுரம். உடம்பு கொதிக்குது, டாக்டரைக் கூப்பிடுங்கன்னு இவங்க கெஞ்சியிருக்காங்க. டாக்டர் வந்தா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு கூப்பிடல. வேணும்கற அளவு ஐஸ் வெச்சாங்களாம் நெத்தியில. அதுக்கு மட்டும் அங்க பஞ்சமில்ல."

ஹாக் எழுந்து போய் வெளியே தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"நீ வந்தா ஐஸ் ஆலை உனக்கு வரும்" என்றாள் சியோக் இம். "என்னை அனுப்பினவங்க பக்கத்து நியாயத்தையும் நான் சொல்லணும். சொல்லிட்டேன்."

அவன் மேடையிலிருந்த கஞ்சிக் கிண்ணங்களை நேராக்கி வைத்தான். பிறகு கேட்டான்.

"அவருக்கும் வயசாயிடுச்சு. பிள்ளை செத்த வீடு. நான் கல்லு இல்ல. ஒண்ணு மட்டும் தெரியணும். அவரு தேடறது எங்கம்மா பெத்த பிள்ளையையா, இல்ல ஊதுபத்தி பிடிக்க ஒரு கையையா? முதலாவதுன்னா நான் வர்றேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டே வர்றேன். இதைக் கண்டுபிடிச்சுச் சொல்வீங்களா?"

"சொல்றேன்" என்றாள் சியோக் இம். "அதான் என் தொழில்."

ஐஸ் ஆலை அலுவலகத்தில் பட்டப்பகலிலும் குளிர் எலும்பைத் தொட்டது. அடுத்த கூடத்தில் ஐஸ் பாளங்களை அறுக்கிற சத்தம். குவா கிம் துவான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

"ஆளு கெடைச்சுதா?"

பலகை கிடைத்ததா என்று கேட்கவில்லை. சியோக் இம் அதைக் கவனித்தாள்.

"பலகை பத்திரமா இருக்கு, தவுக்கே. கஞ்சி வெச்சுக் கும்பிடறாங்க. உங்க மக இருட்டுல இல்ல."

"அது கெடக்கட்டும்மா." கையை அசைத்து அதைத் தள்ளினார். "எடுத்தது யாரு?"

"உங்க மக வயித்துப் பிள்ளை."

கிழவர் ஆச்சரியப்படவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஈரம் வந்தது. மாடிப்படி ஏறி வந்து அழுதபோது வந்ததே, அதே ஈரம்.

"ஆணா, பொண்ணா?"

சியோக் இம் தன் அப்பாவை நினைத்தாள். அவள் பிறந்த அன்று மருத்துவச்சியிடம் அவரும் இதைத்தான் கேட்டிருப்பார். பதிலைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.

"பொண்ணு" என்றாள்.

பக்கத்துக் கூடத்தில் ஒரு பாளம் அறுபட்டு விழுந்தது. ஹாக் அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கூத்தில் நடித்தவன், முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். சியோக் இம் கிழவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவருக்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள். மனசார, அவர் ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மேசை விளிம்பைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. கிழவர் உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணில் இருந்த ஈரம் எப்போது காய்ந்தது என்று தெரியவில்லை.

"பொண்ணா" என்றார். "இதுக்குப் போயா இவ்வளவு அலைச்சல்."

"பலகையை என்ன பண்ணட்டும்?"

"எந்தப் பலகை?" உண்மையிலேயே ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. "ஓ, அதுவா. அந்தக் கட்டையை அவளே வெச்சுக்கட்டும். எனக்கெதுக்கு அது? இங்க பாருங்கம்மா, அந்தப் பொண்ணு இங்க வந்து உறவு கிறவுன்னு நிக்கக் கூடாது. நீங்கதான் புரியற மாதிரி சொல்லணும். கூலியை வெளிய கணக்குப்பிள்ளைகிட்ட வாங்கிக்கங்க."

சியோக் இம் கணக்குப்பிள்ளை மேசையைத் தாண்டி நிற்காமல் வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளங்கை இரண்டும் இன்னும் சில்லிட்டிருந்தன. ஹாக் காரில் ஏறி, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. அந்தப் பையன் ஐஸ் ஆலைக்கு முதலாளியாகி இருப்பான். ஒரே வார்த்தையில பாவாடை கட்டி விட்டுட்டீங்களே."

"பொய்யில நிறுத்தணும்னு நெனக்கல, ஹாக். பேரு என்னன்னு கேட்டிருந்தாப் போதும். எம் பொண்ணு சாயல் இருக்காளா, சோறு தின்னாளா, எங்க இருக்கான்னு ஏதாச்சும் ஒண்ணு. அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லி, அந்தப் பையனைக் கையோட கூட்டிட்டு வந்து அவரு மடியில உக்கார வெச்சிருப்பேன். எவ்வளவு நேரம் நின்னேன், நீதான் பாத்தியே."

ஹாக் சாவியைத் திருப்பி, காரைக் கிளப்பினான்.

"ஆபீசுக்கா?"

"போர்ட் வெல்டுக்கு விடு. கண்டுபிடிச்சுச் சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

சியோக் இம் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"உன்னை யாரும் தேடலப்பான்னு."